எது அசல்?

பழைய ஜீப் ஒன்றைக் கொல்லையில் நிறுத்தி, ஒவ்வோர் உறுப்பாகக் கழற்றி, துடைத்து, மறுபடியும் பூட்டி ஓட வைப்பது என்பது பார்க்கிறவர்களுக்குச் சுத்தப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். அந்தப் பணத்துக்குப் புதுக் காரே வாங்கியிருக்கலாம். அந்த நேரத்தில் நாலு நல்ல நாவல் படித்திருக்கலாம் என்று நான் சொன்னால், அது தொழில்காரன் பேச்சு என்பீர்கள். போகட்டும். ஆனால் இந்தப் பைத்தியக்காரத்தனத்துக்குள் ஒரு தர்மசங்கடமான கேள்வி இருக்கிறது. ‘பழையபடி ஆக்குகிறேன்’ என்று ஒருவன் புறப்படுகிறானே, எந்தப் பழையபடி? வண்டி தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த தினத்தில் இருந்தபடியா? அல்லது ஒரு குடும்பத்தில் இருந்து உழைத்த காலத்தில் இருந்தபடியா? இரண்டும் ஒன்றல்ல. ஒன்றை மீட்க வேண்டுமானால் மற்றொன்றை அறுத்து எறிய வேண்டியிருக்கும்.

தென்னூரில் எனக்கு ஒரு சிநேகிதர் இருக்கிறார். பாங்கு உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். உழவர் சந்தைக்குக் கூப்பிடு தூரத்தில் வீடு; பின்னால், ஒரு காலத்தில் மாடு கட்டியிருந்த ஓட்டுக் கொட்டகை. அந்தக் கொட்டகையில்தான் ஜீப் பல வருஷமாக நின்றிருந்தது. அதை வாங்கியவர் அவருடைய தகப்பனார். 1972-ல் சர்க்கார் ஏலத்தில் எடுத்தார். ‘கண்டம்’ ஆன வண்டி என்பார்களே, இனி இது உதவாது என்று சர்க்காரே கைகழுவி விட்ட வண்டி, அது. உதவாத அந்த வண்டி அதற்குப் பிறகு முப்பது வருஷம் தொட்டியம் பக்கத்து வாழைத் தோட்டத்துக்கும் தென்னூருக்குமாக ஓடியது. பெரியவருக்கு இப்போது எண்பத்தாறு வயது. கண்பார்வை மங்கிவிட்டது. காது மட்டும் கூர்மை. கொட்டகையில் ஸ்பானர் கீழே விழுந்தால் திண்ணையிலிருந்தே எத்தனாம் நம்பர் ஸ்பானர் என்று சொல்லக்கூடியவர்.

திருச்சியில் இந்த மாதிரி வேலைக்கு ஆள் பஞ்சமில்லை. 1928-ல் தென்னிந்திய ரயில்வேயின் தொழிற்சாலை நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு வந்த நாள் முதல், இந்த ஊரில் ஃபிட்டர்களும் லேத்துக்காரர்களும் தலைமுறை தலைமுறையாக உண்டாகிக்கொண்டே இருக்கிறார்கள். பின்னால் திருவெறும்பூரில் பாரத மிகுமின் நிலையம் வந்தது; அதைச் சுற்றி வெல்டிங் பட்டறைகள் வந்தன. சிநேகிதருக்கு அகப்பட்டவர் பாலக்கரையைச் சேர்ந்த ஒரு மெக்கானிக். எல்லோரும் ‘பாய்’ என்று கூப்பிடுகிறார்கள். அவரும் எல்லோரையும் ‘சார்’ என்கிறார், பெரியவரை மட்டும் ‘ஐயா’.

வேலையின் முதல் கட்டம் சுரண்டல். எமரித் தாளும் தண்ணீரும் வைத்துக்கொண்டு நாள் கணக்காகத் தேய்க்க வேண்டும். பெரியவர் அடித்த நீலம் போயிற்று. அதற்கடியில் ஒரு சாம்பல். சாம்பலுக்கடியில் பக்கத் தகட்டில் வெள்ளை எழுத்துக்கள் தெரிந்தன. முதல் பாதி அழிந்துபோய், ‘…த்து யூனியன்’ என்று மட்டும் நின்றது. பஞ்சாயத்து யூனியன் வண்டி! 1952 அக்டோபர் 2-ஆம் தேதி ஆரம்பித்த சமுதாய வளர்ச்சித் திட்டத்தில் வட்டார அதிகாரிக்கு ஜீப் கொடுத்தார்கள். அறுபதுகளில் கிராமத்துப் பையன்களுக்கு சர்க்கார் என்றால் அந்த ஜீப்தான். புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஊருக்குள் வரும். விதை, உரம், கிணற்றுக் கடன், குடும்பக் கட்டுப்பாடு எல்லாம் அதிலிருந்துதான் இறங்கும். அந்த எழுத்துக்களுக்கும் அடியில் பச்சை. தொழிற்சாலையில் அடித்த பச்சை.

சிநேகிதருக்கு அந்தப் பச்சைதான் வேண்டும்.

அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. ஜீப் என்பது சாமானியப் படைப்பல்ல. 1940-ல் அமெரிக்க ராணுவம் அவசரமாகக் கேட்டபோது பான்டம் என்ற சின்னக் கம்பெனிக்காக கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற எஞ்சினீயர் இரண்டே நாளில் படம் போட்டார். ஏழு வாரத்தில் முதல் வண்டி ராணுவத்தின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அதை வில்லிஸ் கம்பெனி மேம்படுத்தியது; நாலு சிலிண்டர், அறுபது குதிரை சக்தி, 2.2 லிட்டர் எஞ்சின். வில்லிஸும் ஃபோர்டுமாகச் சேர்ந்து யுத்த காலத்தில் ஆறு லட்சத்துக்கு மேல் செய்து தள்ளினார்கள். நம் நாட்டில் மகிந்திரா சகோதரர்கள் 1945-ல் குலாம் முகம்மதுடன் கூட்டாக ஆரம்பித்த கம்பெனி, நாற்பதுகளின் இறுதியில் ஜீப்புகளை இங்கே கொண்டுவந்து பூட்டத் தொடங்கியது. (குலாம் முகம்மது பாகிஸ்தானுக்குப் போய் அந்த நாட்டின் கவர்னர் ஜெனரலே ஆனார். கூட்டாளியின் பெயர் போனதும் கம்பெனி மகிந்திரா அண்ட் மகிந்திரா ஆயிற்று.) அந்தத் தச்சில் தேவையில்லாத கோடு ஒன்று கிடையாது. அதைக் கோணலும் ஒட்டும் இல்லாமல் ஒரு தரம் பார்த்துவிட வேண்டும் என்று ஒருவர் ஆசைப்பட்டால் தப்பென்று சொல்ல முடியுமா?

தகராறு எதில் வந்ததென்றால், தரைத் தகட்டில் வந்தது.

1977 நவம்பரில் திருச்சியை வெள்ளம் அடித்தது. தென்னூரிலும் உறையூரிலும் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. ஜீப்பும் தண்ணீரில் கிடந்தது. அதற்கு முன் அது எத்தனை பேரை ஏற்றி மேட்டுக்குக் கொண்டுபோய் விட்டது என்று பெரியவர் கணக்கு வைத்திருக்கிறார். பிறகு தரை துருப்பிடித்து உதிர்ந்தபோது, கம்பெனித் தகடு வாங்க வசதியில்லாமல், கையில் கிடைத்த கனத்த இரும்புத் தகட்டை வைத்து வெல்டிங் செய்துவிட்டார். எண்பதுகளில் பெட்ரோல் விலை கட்டுப்படியாகாமல் எஞ்சினையும் மாற்றினார். மகிந்திரா ஜீப்புகளில் அப்போது வந்துகொண்டிருந்த பிரெஞ்சு நாட்டுப் பூஷோ டீசல் எஞ்சின் ஒன்று, விபத்தில் நொறுங்கிய வண்டியிலிருந்து மலிவாகக் கிடைத்தது. தமிழ்நாட்டில் பாதி பெட்ரோல் ஜீப்புகளின் கதை இதுதான் என்று பாய் சொல்கிறார்.

மகனுக்கு இரண்டும் போக வேண்டும். நான் அங்கே இருந்தபோதே பேச்சு நடந்தது.

“அப்பா, இந்தத் தகடு ஒரிஜினல் இல்லே. இந்த எஞ்சினும் ஒரிஜினல் இல்லே.”

“எதுடா ஒரிஜினல்? நான் வாங்கினப்போ இருந்ததா, அமெரிக்காக்காரன் போட்ட படமா?”

“இதைச் செஞ்சவங்க இப்படிச் செய்யலியேப்பா. அவங்களுக்கு நாம ஒரு மரியாதை காட்ட வேண்டாமா?”

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அந்தத் தகடு எழுபத்தேழாம் வருஷத் தகடு. அதை அறுத்துக் காயலான் கடையிலே போட்டுட்டா, வெள்ளத்துலே போன வண்டி எது?” என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்குத் தத்துவக்காரர்களிடம் விடை இருக்கிறதா என்று பார்த்தேன். மிலிந்தன் என்ற கிரேக்க மன்னனிடம் நாகசேனர் என்ற பௌத்தத் துறவி, நீ ஏறி வந்த ரதம் என்பது எது, அச்சா, சக்கரமா, நுகத்தடியா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, எதுவுமில்லை என்று ஒப்புக்கொள்ளச் செய்தார். ரதம் என்பது இவை எல்லாம் சேர்ந்திருக்கும்போது நாம் வைக்கிற பெயர், அவ்வளவுதான் என்பது அவர் முடிவு. புளூட்டார்க் எழுதி வைத்த தீசியஸின் கப்பல் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பலகை பலகையாக மாற்றி, கடைசியில் எல்லாப் பலகையும் புதிது. அதே கப்பலா என்பது கேள்வி. ஹாப்ஸ் என்ற ஆங்கிலேயர் இன்னொரு முடிச்சுப் போட்டார். கழற்றிப் போட்ட பழைய பலகைகளைச் சேர்த்து ஒருவன் இன்னொரு கப்பல் கட்டினால் எது அசல்? ஹாப்ஸுக்கு அது கற்பனை. நம் ஊரில் அது வியாபாரம். அரியானாவில் பஞ்சாப் எல்லையை ஒட்டி மண்டி டப்வாலி என்ற ஊர் இருக்கிறது. ராணுவம் கழித்துப் போட்ட உறுப்புகளையும் புதுத் தகட்டையும் கொண்டு முழு ஜீப்பாகவே அங்கே பூட்டிக் கொடுக்கிறார்கள். நாகசேனர் அந்த ஊருக்குப் போயிருந்தால் மிகவும் சந்தோஷப்பட்டிருப்பார்.

ஆனால் இந்த மேதாவிகள் யாரும் பெரியவர் கேட்ட கேள்வியைக் கேட்கவில்லை. அவர்களுடைய கேள்வி, ‘அதே பொருள்தானா?’ என்பது. பெரியவருடைய கேள்வி, ‘யாருடைய பொருள்?’ என்பது. ஒரு பொருளைச் செய்தவனுக்கும் அதை வைத்து வாழ்ந்தவனுக்கும் நடுவே வழக்கு வந்தால் புதுப்பிக்கிறவன் யார் பக்கம் நிற்க வேண்டும்? பிறந்த நாள் உருவம்தான் அசல் என்று தீர்ப்புச் சொன்னால், அதற்குப் பிறகு நடந்ததெல்லாம், பஞ்சாயத்து யூனியன், வாழைத் தோட்டம், வெள்ளம் எல்லாம், வண்டிக்கு நேர்ந்த சேதம் என்று ஆகிவிடுகிறது.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. யுத்த கால ஜீப்புகளைச் சேகரிக்கிறவர்கள் போல்ட்டின் தலையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். ஃபோர்டு தன் உறுப்புகளில் தன் பெயரின் முதல் எழுத்தைப் பொறித்திருந்தது; ஃபோர்டு வண்டியில் அந்த எழுத்தில்லாத போல்ட்டு இருந்தால் அவர்களுக்குத் தூக்கம் வராது. ஆனால் இரண்டு கம்பெனியின் உறுப்புகளும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்பதுதானே ராணுவத்தின் ஏற்பாடு! குண்டு பட்ட மூன்று வண்டிகளைப் பிரித்து ஓடுகிற ஒரு வண்டி செய்வதற்கென்றே அந்த ஏற்பாடு. போர்க்களத்துப் பட்டறையில் நின்ற சிப்பாய்க்கு வண்டி ஓடினால் போதும். இன்றைக்கு நாம் தேடுகிற சுத்தம், அந்த வண்டியைச் செய்தவர்களே தேடாத சுத்தம்.

சிநேகிதரின் மொட்டை மாடியில் நின்றால் மலைக்கோட்டை நேர் எதிரே தெரியும். ஒரே பாறையில் இரண்டு விதமான பாதுகாப்பு அங்கே நடக்கிறது. உச்சிப் பிள்ளையாரைப் பார்க்க ஏறுகிற வழியில் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டில் குடைந்த குகை இருக்கிறது. கங்காதரர் சிற்பம் அதில்தான். அது தொல்பொருள் இலாகாவின் வசம். பூஜை கிடையாது, விளக்கு கிடையாது. ஒருவன் சுண்ணாம்பு பூசினால் பிடித்துக்கொண்டு போவார்கள். அதற்குக் கீழே தாயுமானவர் கோயில். அங்கே நித்தியப்படி பூஜை. காலம் வந்தால் திருப்பணி, கும்பாபிஷேகம். திருப்பணி என்றால் பாலாலயம் என்று ஒன்று செய்கிறார்கள். மூர்த்தியின் சக்தியைக் கும்பத்திலோ சித்திரத்திலோ எழுந்தருளச் செய்து பக்கத்தில் வைத்துவிட்டு, கல்லையும் சுதையையும் பழுது பார்த்து, பிறகு திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். உடம்புக்கு வேலை நடக்கும்போது உயிர் பத்திரமாக வேறிடத்தில் இருக்கிறது. மிலிந்தனுக்கு நாகசேனர் சொன்னதைவிட எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஸ்ரீரங்கத்தில் பெரிய பெருமாளின் திருமேனியே சுதை. அதனால் நீரால் அபிஷேகம் கிடையாது; தைலக்காப்புத்தான். அந்தக் கோயிலின் தெற்கு ராஜகோபுரம் பல நூற்றாண்டுகள் அடிநிலையோடு மொட்டையாகவே நின்றது. 1987-ல்தான் 236 அடிக்கு எழுந்தது. மொட்டைக் கோபுரமே எங்கள் அசல் என்று ஸ்ரீரங்கத்துக்காரர் யாரும் வழக்குப் போட்டதாகத் தெரியவில்லை. 2015 கும்பாபிஷேகத்துக்கு முன்னால் நடந்த திருப்பணிக்கு 2017-ல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. புழக்கத்தில் உள்ள கோயிலையும் அதன் பழமை கெடாமல் பழுது பார்க்க முடியும் என்பதற்கு அது அத்தாட்சி. இயந்திரத்திலும் இப்படி உண்டு. உதகை மலை ரயில் 2005 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். அதன் எஞ்சின்கள் ஸ்விட்சர்லாந்தில் விண்டர்தூரில் செய்தவை. அவை தேய்ந்துபோனபோது, நம் பொன்மலைக்காரர்கள் 2010-களில் நீராவி எஞ்சின்களைப் புதிதாகவே செய்து அனுப்பினார்கள், கரிக்குப் பதில் எண்ணெயில் எரியும்படியாக. அந்த ரயிலில் போகிற குழந்தை, இது போலி ரயில் என்று அழுவதில்லை.

குகையும் சரி, கோயிலும் சரி, இரண்டும் யோக்கியமான வழிகள் என்றே நினைக்கிறேன். யோக்கியமில்லாத மூன்றாவது வழி ஒன்று உண்டு. உள்ளே ஓட்டை, மேலே வர்ணம். 1948-ல், காஷ்மீர்ச் சண்டை நடந்துகொண்டிருந்த சமயம், லண்டனில் நம் ஹை கமிஷனராக இருந்த வி. கே. கிருஷ்ண மேனன் புதுப்பித்த ஜீப்புகளுக்கு ஓர் ஒப்பந்தம் செய்தார். எண்பது லட்ச ரூபாய். வந்து இறங்கியவை 155. லாயக்கில்லை என்று ராணுவம் சொல்லிற்று. பார்லிமெண்டில் அமளி, 1955-ல் அரசாங்கம் விவகாரத்தை முடித்துக்கொண்டது. சுதந்திர இந்தியாவின் முதல் பெரிய ஊழல் புகார் ஒரு பழைய ஜீப்பைப் பற்றியது என்பதைப் புதுப்பிக்கிறவர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

சட்டம் என்ன சொல்கிறது? 2021-ல் மத்திய சர்க்கார் மோட்டார் வாகன விதிகளில் புராதன வாகனம் என்று ஒரு பிரிவு ஏற்படுத்தியது. முதல் பதிவு ஆகி ஐம்பது வருஷம் கடந்திருக்க வேண்டும். அசல் உருவத்தில் இருக்க வேண்டும். சேஸிலோ, கூட்டிலோ, எஞ்சினிலோ பெரிய மாறுதல் செய்திருக்கக் கூடாது. இருபதினாயிரம் ரூபாய் கட்டினால் தனி நம்பர் கொடுப்பார்கள். பத்து வருஷத்துக்குச் செல்லும். ஆனால் அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சி, ஆராய்ச்சி, புராதன வண்டிகளின் ஊர்வலம், பழுது பார்க்கப் போவது, பெட்ரோல் போடப் போவது, இவைகளுக்கு மட்டும் அனுமதி. பெட்ரோல் போட்டுக்கொண்டு திரும்பி வந்துவிடலாம்! விதியைக் கேலி செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. சட்டமும் மலைக்கோட்டையைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறது: குகையாக இரு, அல்லது கோயிலாக இரு. குகையானால் பூஜை கூடாது.

என் சொந்தத் தொழிலிலும் இந்தத் தொல்லை உண்டு. பழைய கதைகளைத் தொகுப்பாகக் கொண்டு வரும்போது கை துறுதுறுக்கும். முப்பது வருஷத்துக்கு முன் எழுதிய வாக்கியத்தை இப்போது இன்னும் நன்றாக எழுத முடியும். நான் அச்சுப் பிழையை மட்டும் திருத்திவிட்டு விட்டுவிடுவேன். எழுதியவன் நானே என்றாலும், படித்தவர்களிடம் போய்ச் சேர்ந்துவிட்ட கதை அது. செய்தவனுக்கு உள்ள உரிமையைவிட வைத்துக்கொண்டவனுக்கு உள்ள உரிமை ஒரு படி கூடுதல் என்பது என் கட்சி. ஆகவே தென்னூர் வழக்கிலும் நான் பெரியவர் பக்கம்.

ஆனால் பெரியவர் சொல்வதும் ஓர் எல்லைக்குள்தான் செல்லும். பிரேக்கு விஷயத்தில் ஞாபகார்த்தம் பேச முடியாது. சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிற குழந்தைகள் நிறைந்த ரோட்டில் அந்த வண்டி ஓடப் போகிறது. அந்தக் கனத்த தகடும் முன்பக்கம் சேஸின் ஒரு கையை இழுத்து வளைத்திருந்தது. மகன் சொன்னதில் அந்தப் பாகம் நிஜம். தன் வெல்டிங் குறைபாடானது என்று கேட்கப் பெரியவருக்குப் பிடிக்கவில்லை. பாய்தான் தீர்த்து வைத்தார்.

“ஐயா, முன்னாலே ஒரு முழம் மட்டும் எடுத்துடறேன். அது சேஸைத் திங்குது. மிச்சத்தைத் தொடமாட்டேன்” என்றார்.

“ஒரு முழம்னா ஒரு முழம்தான்” என்றார் பெரியவர்.

அந்த ஒரு முழம் அறுபட்ட அன்று அவர் திண்ணையை விட்டு எழுந்து வரவில்லை. வெட்டின துண்டைக் காயலான் கடைக்குப் போடவும் சம்மதிக்கவில்லை. அது கட்டிலுக்கடியில் இருக்கிறது. டீசல் எஞ்சின் இருந்த இடத்திலேயே இருக்கிறது. சிநேகிதர் ஆசைப்பட்டு வாங்கிய பெட்ரோல் எஞ்சின் மரப்பெட்டியில் கிடக்கிறது. ‘அப்பா காலத்துக்கப்புறம் பார்த்துக்கலாம்’ என்று அவர் என்னிடம் தனியாகச் சொன்னார். அது எனக்குச் சம்மதமில்லை. ஒரு நியாயத்தை ஒப்புக்கொண்டால் அதை மனிதர் உயிரோடு இருக்கும் வரைக்கும் மட்டும் என்று தவணை போட்டு ஒப்புக்கொள்வது என்ன கணக்கு? அவரிடமே சொல்லிவிட்டேன். முகம் கொஞ்சம் வாடிற்று.

புராதன வாகனத்துக்கு அவர் மனுப் போடவில்லை. சாதாரண வண்டியாகவே தகுதிப் பரிசோதனைக்குக் கொண்டுபோய் ஆர்.சி.யைப் புதுப்பித்துக்கொண்டார், எரிபொருள் என்ற இடத்தில் டீசல் என்றே இருக்கிறது. பஞ்சாயத்து யூனியன் எழுத்துக்கள் தெரிந்த பக்கத் தகட்டில் மட்டும் வர்ணம் ஏற்றாமல் மெழுகு பூசி வைத்திருக்கிறார்கள். மற்ற இடத்துக்கு என்ன நிறம் என்பது இன்னும் முடிவாகவில்லை. மகன் பச்சை என்கிறார், தகப்பனார் நீலம் என்கிறார். பாய், பிரைமரோடு நிறுத்திவிட்டு மழைக்காலம் போகட்டும் என்கிறார்.